தங்க ஆட்டுக்குப் பின்னால் நீலம்!

"வீ...ல்!"

டீ வண்டி தள்ளும் மிஸஸ் நட்டால் போட்ட அலறலில், ராம்ஸ்கில் நகர மன்றக் கட்டிடத்தின் புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

மன்றக் கூடத்தில், மேயர் நாற்காலிக்குக் கீழே, மேயர் ஹோரஸ் கிளெக் கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஊரின் வெள்ளிச் செங்கோல். அதன் குமிழில் ரத்தம்!

மேயரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயா... ஐயா..." என்று உலுக்கிக்கொண்டிருந்தான் பெயிண்டர் டெரெக். அவன் சட்டையெல்லாம் சிவப்பு.

சார்ஜண்ட் மேவிஸ் ஆக்ராய்ட் ஓடி வந்து சேர்ந்தபோது, அவன் கையில் விலங்கு ஏறியிருந்தது.

விலங்கு மாட்டியவர் இன்ஸ்பெக்டர் கோல்மன். லீட்ஸிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்.

விலங்கில் இருந்தவன் மேவிஸின் கூடப் பிறந்த தம்பி!

"அக்கா... சத்தியமா நான் இல்லக்கா..."

"வாயை மூடுடா!" கோல்மன் திரும்பினார். "மேவிஸ், நீ வெளியே போ. உன் தம்பி கேஸ்ல நீ நிக்கக் கூடாது."

"தெரியும் சார். ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

"பேச என்னம்மா இருக்கு? பப்ல ஒருத்தன் தாடைய உடைச்சுட்டு ஜெயிலுக்குப் போனவன். காலைல மேயர் இவனை, 'குடிச்சிட்டு வேலைக்கு வர்றியா'ன்னு எல்லார் முன்னாடியும் கிழிச்சிருக்காரு. சட்டையெல்லாம் ரத்தம். இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்... கொலைய நேர்ல பண்ணிக் காட்டணுமா?"

போன தடவை ஜெயில் வாசலில் நின்றதிலேயே அம்மா பாதியாகிப் போனாள். இந்தத் தடவை தாங்க மாட்டாள். நிச்சயம் தாங்க மாட்டாள்!

"டெரெக், என்னடா நடந்துது?"

"சாப்பாடு வாங்கப் போனேன்க்கா. கடையில கூட்டம், ஒரு மணி நேரமாயிடுச்சு. திரும்பி வந்தா இவர் கீழே கிடக்கறாரு. உயிர் இருக்கான்னு தூக்கிப் பார்த்தேன். அவ்ளோதான்..."

"நம்பிட்டோம்!" என்றார் கோல்மன். "மேல பாரு மேவிஸ். உன் தம்பியோட கைவேலை!"

நாற்காலிக்குப் பின்னால், சுவரில், ஊரின் சின்னம் வரைந்த மரக் கேடயம். பக்கத்தில் ஏணி. கீழே பெயிண்ட் டப்பாக்கள்.

ஏப்ரல் பிறந்தால் ராம்ஸ்கில், பக்கத்து ஊரோடு இணைந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு பிரிவு உபசார விழா. கேடயத்தைப் புதுசாக்கத்தான் டெரெக்கை அழைத்திருந்தார்கள்.

"செங்கோலால அடிச்சான். ரத்தம் அந்த மூலையில தெறிச்சுது. பெயிண்டர் பயதானே... மேலேயே பூசிட்டான். உள்ளங்கை அகலத்துக்கு அடியில சிவப்பு தெரியுது பாரு. பெயிண்ட் இன்னும் காயல!"

மேவிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

தங்க நிற ஆட்டுக்கடா. அடியில் அலை அலையாய் நதி. ஆனால்...

ஆட்டுக்குப் பின்னால் நீலம்!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டெரெக்! பின்னாடி யாருடா நீலம் அடிச்சது?"

"ஐயோ, நான் நீல டப்பாவத் திறக்கவே இல்லக்கா! நதிக்கு நாளைக்குத்தான் அடிக்கணும். காலைலேர்ந்து வெள்ளைதான் அடிச்சிட்டிருந்தேன்!"

"நீலமோ மஞ்சளோ, என்ன வித்தியாசம்?" கோல்மன் எரிந்து விழுந்தார்.

"நீங்க வெளியூர் சார். இந்த ஊர்ல பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும், நம்ம கேடயம் வெள்ளைன்னு. அந்தக் காலத்துல மில்லு பத்திக்கிச்சு. வெளிக்கதவு பூட்டியிருந்துது. நாப்பது பொண்ணுங்க உள்ளேயே போயிட்டாங்க. அவங்க நெய்த வெள்ளைத் துணியிலேயே அவங்களைச் சுத்திப் புதைச்சாங்க. அந்த வெள்ளை சார் இது! எங்க அப்பாவோட அத்தையும் அந்த நாப்பதுல ஒருத்தி. என் தம்பி குடிப்பான், அடிப்பான்... அந்த வெள்ளை மேல மட்டும் கை வைக்க மாட்டான்."

"கதை!"

வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. அம்ப்ரோஸ் பிளைத். மாடியிலிருக்கும் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்பவர். கேடயங்களைப் பற்றி ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்பவர். அலறல் கேட்டு இறங்கி வந்து, அப்போதிலிருந்து அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

கூடத்தைச் சூடாக்கும் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. பிளைத் மட்டும் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. கைகள் பாக்கெட்டுக்குள்.

"மில்லுப் பொண்ணுங்களும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எவனோ ஒரு பெயிண்டரோட முட்டாள்தனம்!" என்றார் பிளைத். "ஆடு நம்ம கம்பளி. அலை நம்ம நதி. அது வரைக்கும் சரி. ஆனா கேடயத்துல மஞ்சள்னா தங்கம், வெள்ளைன்னா வெள்ளி. உலோகத்து மேல உலோகம் வரக் கூடாது. போர்க்களத்துல தூரத்துலேர்ந்து பார்த்தா, வர்றது நம்மாளா எதிரியான்னு தெரியணும். அதுக்காக வந்த விதி. நம்ம கேடயத்தைப் பார்த்து லண்டன்ல சிரிக்கறாங்க, இன்ஸ்பெக்டர்! முப்பது வருஷமா என் மூஞ்சிக்கு நேரா சிரிக்கறாங்க!"

"அப்போ எது சரி, மிஸ்டர் பிளைத்?" மேவிஸ் மெல்லக் கேட்டாள்.

"பின்னாடி ஒரு நிறம் வரணும். அவ்வளவுதான்."

"நீலம்?"

"நீலம்னா ரொம்பப் பொருத்தம்."

மேவிஸ் ஏணியருகே போனாள். குனிந்தாள். வெள்ளை டப்பா திறந்தே இருந்தது. அதற்குள் ஈரப் பிரஷ்!

"சார், ரத்தம் தெறிச்சது ஒரு உள்ளங்கை அகலம்தான். வெள்ளை கைக்கெட்டற தூரத்துல இருக்கு. ஒரு தடவு தடவினா போதும். அதை விட்டுட்டு, மூடியிருந்த நீலத்தைத் திறந்து, கேடயம் முழுக்க அடிச்சு, கொம்போட வளைவுல கூட பிசிறில்லாம... கொலைகாரனுக்கு எதுக்கு சார் இவ்ளோ சிரத்தை?"

கோல்மனின் புருவம் முதன்முறையாக ஏறியது.

"டெரெக்குக்கு விதி, உலோகம்... ஒரு மண்ணும் தெரியாது சார். பழைய கேடயத்துல விரிசல் இருந்தா விரிசலையும் சேர்த்து வரையற ஆளு!"

"தேங்க்ஸ்க்கா," என்றான் டெரெக் பரிதாபமாக.

"சரி, எவன் அடிச்சா என்ன! நானே பழையபடி ஆக்கிடறேன்!"

மேவிஸ் வெள்ளைப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏணியை நோக்கித் தாவினாள்.

"ஏய்! சாட்சியத்து மேல கை வைக்காதே!" கோல்மன் கத்தினார்.

அதற்குள் இன்னொருவர் பாய்ந்துவிட்டார்!

"தொடாதே! நாசமாக்காதே! இப்பதான்... இத்தனை வருஷத்துல இப்பதான் சரியா இருக்கு!"

பிளைத்! கேடயத்துக்குக் குறுக்கே, இரண்டு கைகளையும் விரித்தபடி!

உள்ளங்கைகள் நீலம். நகக்கண் எல்லாம் நீலம்!

பிளைத் தன் கைகளையே வேற்றாள் கைகளைப் போலப் பார்த்தார். பிறகு ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு ஊரும் சேர்ந்தப்புறம் வரப்போற புதுக் கேடயத்துலயும் வெள்ளைதான்னு மேயர் சொன்னார். அதை முடிவு பண்ற கமிட்டில எனக்கு இடம் இல்லன்னார். 'போய்யா, உன் விதியை நீயே வெச்சுக்கோ'ன்னு சிரிச்சார். அவரும் சிரிச்சார்! செங்கோல் பக்கத்துல இருந்துது..."

"அப்புறம்?"

"ஒரு துளிய மறைக்கத்தான் பிரஷ்ஷை எடுத்தேன். வெள்ளைல முக்கினேன். ஆனா... தப்பான நிறத்தையே திரும்பப் பூசறதுக்கு எனக்குக் கை வரல."

கோல்மன் அவரையே பார்த்தார்.

"கொலை பண்ண மட்டும் கை வந்துது, இல்ல?"

டெரெக்கின் விலங்கு கழன்றது. மேவிஸ் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம், போலீஸ் வேலையெல்லாம் முடிந்து, டெரெக் மறுபடியும் ஏணியில். ஆட்டுக்குப் பின்னால் வெள்ளை திரும்பிக்கொண்டிருந்தது. கீழே மேவிஸ் டீயோடு காவல்.

"அக்கா..."

"என்னடா?"

"ஆட்டுக்கு ஒரு கொம்பு கோணலா இருக்கு. லேசா நிமிர்த்திடட்டுமா?"

"கோணலை நிமிர்த்தின ஆளு இப்ப கம்பி எண்ணிட்டிருக்காரு. மூடிக்கிட்டு வெள்ளைய அடிடா!"