சூயுஞ்சுக்குக் கொடுத்த தோடு

"சூயுஞ்சு... சூயுஞ்சு..."

ஆஸ்பத்திரி நடைவழியின் கோடியிலிருந்து வெள்ளை அங்கி பறக்க ஒருவன் ஓடி வந்தான். சைகலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்ல சேதி கொண்டு வருகிறவன்தான் அப்படிக் கூவுவான்... கையில் கிடைத்ததைப் பரிசாகக் கொடுத்துத்தான் சேதியை வாங்க வேண்டும். அக்கா மகள் ஜிபாரின் கழுத்தில் நெறி கட்டி வீங்கி ஒரு மாதம் ஆகிறது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதா வேண்டாமா என்று உள்ளே டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

'வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க...' அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வலது காதிலிருந்த வெள்ளித் தோட்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"சீக்கிரம் சொல்லுங்க டாக்டர்..."

அவன் விழித்தான். தேன் நிறக் கண்கள்... இமைக்க மறந்துபோன கண்கள்...

"நான் டாக்டர் இல்லீங்க. எங்கண்ணன் பையன் ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சுட்டான். அதை எங்கம்மாகிட்ட..."

அவளுக்குப் பின்னால் பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள். பிஷ்கேக் நகரத்தில் ஆஸ்பத்திரிக்குள் வருகிற எல்லாருக்கும்தான் வெள்ளை அங்கி மாட்டிவிடுகிறார்கள். சைகலின் தோளிலும் அதேதான் தொங்கியது. பாவம், பதற்றத்தில் அது எங்கே நினைவுக்கு வரும்...

"இப்படி அங்கியைப் பறக்கவிட்டுக்கிட்டு ஓடி வந்தா, பாக்குறவங்க என்னன்னு நினைப்பாங்க?"

"தப்புதாங்க. இந்தாங்க உங்க தோடு..."

அவன் நீட்டிய கை அவள் காதருகே போய்விட்டது. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் துடைப்பதை நிறுத்தினாள்.

"என்னப்பா, இங்கேயே தோடு போட்டு நிச்சயம் பண்ணிடலாம்னு பாக்குறியா? நம்ம வழக்கப்படி அதை உங்கம்மால்ல பொண்ணு காதுல போடணும்?"

அவன் கை வெடுக்கென்று பின்வாங்கியது. சைகலின் முகம் சிவந்தது.

"வெச்சுக்கோங்க. குடுத்த சூயுஞ்சுவைத் திரும்ப வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்ல."

"அப்ப உங்களுக்கு ஒரு நல்ல சேதி நான் பாக்கி," என்றான் அவன். பெயர் குபாத்.

அதற்குள் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஊசி குத்தியே ஆக வேண்டுமாம்.

ஜிபார் கதவு நிலையைக் கட்டிக்கொண்டு அலறினாள். மாஸ்கோவில் வேலை பார்க்கும் அக்காவுக்கு 'சும்மா சளிதான்' என்று சொல்லி வைத்திருக்கிறாள் சைகல். நாளைக்கு வேறு ஏதாவது என்றால் எந்த முகத்தோடு பேசுவது...

குபாத் குழந்தையின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "எங்க வீட்ல குதிரை குட்டி போட்டிருக்கு. பேர் வைக்க ஆளில்ல. நீ வைக்கிறியா?"

"நாங்க பாத்துக்கறோம்," என்றாள் சைகல் வெடுக்கென்று.

"இந்த மாமாவும் வந்தாதான் வருவேன்," என்றாள் ஜிபார்.

மாமாவாம்... சைகல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே கழுத்தில் மருந்து தடவினார்கள். "ஆடாம இரு, ஆடினா குட்டி மிரண்டுடும்," என்று அவன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டான். மறு கை சைகலிடம். ஊசி இறங்கியது. ஜிபாரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, உடம்பு மட்டும் அசையவில்லை.

"மோஷ்... மோஷ்னு வைங்க. எங்க பூனைக்குட்டி பேரு. ஆனா அது என்னைக் கீறும்..."

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "பூனை கீறிச்சா? எப்போ?"

யாருக்குமே சொல்லத் தோன்றாத விஷயம். கழுத்து வீங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் கீறியதாம். "பரிசோதனை முடிவு வரட்டும்," என்றாள் டாக்டரம்மா. அவள் குரல் மட்டும் இளகியிருந்தது.

முடிவுக்காக ஆஸ்பத்திரியிலேயே காத்திருந்த அந்த ஒரு வாரம்... குபாத் தினமும் சூடான பொரித்த ரொட்டி கொண்டு வந்து ஜிபாரிடம் கொடுப்பான். சைகல் முறைத்துக்கொண்டே தின்பாள். மூன்றாம் நாள் அவன் வரத் தாமதமானபோது ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. 'உனக்கென்னடி ஆச்சு?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முடிவு வந்த காலை மழை. "பூனைக் கீறலால வந்த வீக்கம்தான். நீங்க பயந்த புற்றுநோய் இல்ல, தானாவே வத்திடும்," என்றாள் டாக்டரம்மா. சைகல் ஜிபாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஜன்னல் வழியே பார்த்தாள்... குபாத்தும் அவன் அம்மாவும் அண்ணன் மகனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

போய்விடுவானா... சொல்லாமலேயே?

அங்கி பறக்க மழையில் ஓடினாள்.

"சூயுஞ்சு..."

அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் கண்ணும் கலங்கியது.

"நல்ல சேதி பாக்கி வெச்சது நான். நீங்க கொண்டு வர்றீங்களே... என்ன வேணும்? எது கேட்டாலும் தர்றேன்."

"என் தோடு."

அவன் முகம் வாடிவிட்டது. சட்டைப்பையில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினான். "இவ்வளவுதானா?"

"கையில வேண்டாம்..."

"பின்ன?"

சைகல் நனைந்த செருப்பைப் பார்த்தாள். "காதுல... உங்கம்மா கையால."

மழை அவன் முகத்தில் வழிந்தது. துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவன் அம்மா தோட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"தலையை இப்படித் திருப்பு கண்ணு. இவன் நின்னுக்கிட்டே இருப்பான்."