மிஞ்சிய குழாய்கள்

காலைச் சிற்றுண்டியின்போது சுடலைமுத்து, "சாம்பார்ல உப்பு இல்ல" என்றார். உடனே அவருடைய வலச்செவிக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்த சான்றுமணி கிணுகிணுவென்று அடிக்கத் தொடங்கியது. அவர் பதறவில்லை. இட்லித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நாவரசு, 2371, பக்கம் பதினாலு. பனித்தண்ணில வெந்த பருப்பு உப்ப உறிஞ்சிரும்" என்று மேற்கோள் காட்டினார். மணி அடங்கிற்று.

"உப்பு டப்பா எங்க இருக்குன்னு நாவரசு எந்தப் பக்கத்துல எழுதியிருக்காரு?" என்று கேட்டாள் அவர் மனைவி இசக்கியம்மாள். அவளுடைய மணி அடிக்கவில்லை.

சனிக்கோளின் துணைக்கோள்களுள் ஒன்றாகிய என்செலடஸில், பனிப்பட்டணம் என்னும் குடியேற்றத்தில், காற்று நிறைத்த பெருங்கூடத்துக்குள், இது நாள்தோறும் நிகழ்வது. சான்றுமணி என்பது நெல்மணியளவே உள்ள ஓர் உட்பொருத்தி. ஒருவர் ஒரு செய்தியை உண்மையென்று கூறினால், அதற்கு முன்னோர் நூலில் ஆதாரம் உண்டா என்று அது ஆராயும்; இல்லையெனில் அடிக்கும். வினாவுக்கும் ஏவலுக்கும் எண்ணிக்கைக்கும் அடிக்காது; ஏனெனில் அவை எதையும் உண்மையென்று சாதிப்பதில்லை. முந்தைய நூற்றாண்டில் வதந்தியால் இரண்டு குடியேற்றங்கள் அழிந்தபின் இயற்றப்பட்ட சட்டம் இது. நல்ல சட்டம் என்றே எல்லாரும் கூறினர். அவ்வாறு கூறுவதற்கு ஆதாரமும் இருந்தது.

பனிப்பட்டணம் நிற்பது நிலத்தின்மேல் அன்று. ஓர் ஏரியின்மேல் உறைந்துகிடக்கும் பனிக்கூரையின்மேல். இசக்கியம்மாள் அவ்வூரின் குடிநீர்ப் பணியாளர். நுனி சூடேற்றப்பட்ட குழாயைப் பனியில் இறக்குவாள்; அது உருக்கிக்கொண்டே இறங்க, ஒரு மீட்டர் நீளமுள்ள குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துக்கொண்டே போவாள்; ஏரி நீர் மேலே பீறிட்டதும் நிறுத்துவாள். பனிக்கூரையின் தடிமன் அறுபது மீட்டர் என்பது நூல் முடிபு. ஆதலால் கிணறு ஒன்றுக்கு அறுபது குழாய் வழங்கப்படும்.

அவள் வேலையில் சேர்ந்த ஆண்டு கிணறு ஒன்றுக்கு ஒன்பது குழாய்கள் மிஞ்சின. மிஞ்சியவற்றைக் கிடங்கின் மூலையில் அடுக்கினாள். ஐந்தாண்டு கழித்துப் பன்னிரண்டு மிஞ்சின. பதினெட்டாம் ஆண்டில் பத்தொன்பது. கிடங்கின் மூலை நிறைந்து, கதவு பாதிதான் திறந்தது. அப்போதுதான் அவள் மிஞ்சியவற்றை ஆண்டுவாரியாகக் கணக்கெடுத்தாள். ஊரின் வெப்பம் கிணறுகளின் வழியே ஏரியில் இறங்கி, பனியைக் கீழிருந்து கரைத்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து மீட்டருக்குக் கீழே போனால் எண்ணாயிரம் பேர் வாழும் அவ்வூரைக் கூரை தாங்காது.

இதைச் சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் மணி அடித்தது. ஆய்வேடாக எழுதி ஏற்கப்பட்டால் அதுவே ஆதாரமாகும். ஆகவே, நாற்பத்தைந்து வயதில், பகலில் குழாயும் மாலையில் பாடமுமாக, அவள் ஆய்வு மாணவியானாள்.

அவளுடைய ஆய்வேடு இருமுறை திருப்பியனுப்பப்பட்டது. மூன்றாம் முறையும் தோற்பவருக்குக் கூற்றுரிமை பறிபோகும். அதாவது, ஆயுள் முழுதும் அவர் எதைச் சொன்னாலும் மணி அடிக்கும்.

"வேண்டாம்ளா," என்றார் சுடலைமுத்து, வாய்மொழித் தேர்வன்று காலையில். "காலம்பூரா கேள்வியா கேட்டுக்கிட்டு என்கூட குடும்பம் நடத்துவியா?"

"இப்ப மட்டும் என்ன நடத்துதேன்?" என்று கேட்டாள் அவள். "அந்த லட்டு டப்பாவ எடுத்து வையுங்க."

தேர்வுக்கு வருபவரே தேர்வாளருக்கும் அவையோருக்கும் இனிப்பும் மிக்சரும் காபியும் வழங்கவேண்டும் என்பது, பூமியிலிருந்து நூற்றிருபது கோடி கிலோமீட்டர் கடந்தும் உயிரோடிருந்த மரபு. மேடையில் பேராசிரியர் தனுஷ்கோடியும், மதிப்பி என்னும் தேர்வுப்பொறியும் அமர்ந்திருந்தனர். மதிப்பிக்கு வாய் இல்லை; ஆயினும் அதன்முன்னும் ஒரு தட்டு மிக்சர் வைக்கப்பட்டது.

"கூரை நாற்பத்தொரு மீட்டர் என்று எழுதியுள்ளீர்கள்," என்றது மதிப்பி. "அறுபது என்பதற்கு இருநூற்றுப் பதினான்கு ஆய்வேடுகள் சான்று. நாற்பத்தொன்றுக்கு யார் சான்று?"

"நான்தான். குழாயை இறக்குனது இந்தக் கைதான்."

மணி அடித்தது. அவையில் சிரிப்பு எழுந்தது.

"இசக்கியம்மா, கோவிச்சுக்காதீங்க," என்றார் தனுஷ்கோடி, மிக்சரில் முந்திரியைத் தேடியபடி. "கைய எல்லாம் அடிக்குறிப்புல போட முடியாதும்மா. மூணு துறை அறிஞர்கள் சேர்ந்து சொன்ன முடிவு அது. நீங்க குழாய் மாட்டுறவங்க."

"சரிய்யா. அந்த மூணு துறையையும் ஒருக்கா திறந்து பாப்பமா?" என்றாள் அவள்.

அவள் இரண்டாண்டாகச் செய்திருந்த வேலை அப்போது திரையில் விரிந்தது. அறுபது என்று எழுதிய இயற்பியலார் அனைவரும் ஒரு கணித நூலை மேற்கோள் காட்டியிருந்தனர். அக்கணித நூல், பனியின் நிறை தாங்கும் சமன்பாட்டை வகுக்கையில், அறுபது என்னும் எண்ணை ஒரு வரலாற்று நூலிலிருந்து எடுத்திருந்தது. அவ்வரலாற்று நூலோ முதற்குடியேறி ஒருவரின் கடிதத்தைச் சுட்டியிருந்தது. கடிதத்தை எவரும் திறக்கவில்லை. இசக்கியம்மாள் திறந்தாள், உரக்கப் படித்தாள்:

"'கப்பலில் அறுபது குழாய்களே வந்து சேர்ந்தன. ஆகவே கூரையும் அறுபது மீட்டர் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். வந்து அளப்பவர் அளக்கட்டும்.'"

அவையில் மிக்சர் மெல்லும் ஓசையும் நின்றது.

"இருநூத்திப் பதினாலு பேரு," என்றாள் அவள். "ஒருத்தராவது அளந்தீங்களா? ஒரு கம்பியக் கையில எடுத்தீங்களா? பொறியே, உன்னையத்தான் கேக்கேன். நீ ஏன் அளக்கல?"

"அளப்பது எனக்குக் கற்பிக்கப்படவில்லை," என்றது மதிப்பி. "நானூறு ஆண்டு ஆய்வேடுகளைப் பயின்றே நான் ஆய்வு கற்றேன். அவற்றுள் மிகுதியாகக் கண்டது மேற்கோள்." அது தொடர்ந்தது: "வைத்துக்கொள்ளப்பட்டது சான்றாகாது. இருநூற்றுப் பதினான்கும் வீழ்கின்றன. எதிர்ச்சான்று இல்லாமையால் நாற்பத்தொன்று ஏற்கப்படுகிறது."

இசக்கியம்மாள் தலைநிமிர்ந்து, "கூரை நாப்பத்தொண்ணுதான். ஊரைத் தூக்கிட்டு வடக்கு மேட்டுக்குப் போவணும்" என்றாள். மணி அடிக்கவில்லை. பின்வரிசையில் சுடலைமுத்து எழுந்து நின்று கைதட்டினார்.

அதன்பின் ஓராண்டு கழிந்தது. ஊர் நகரவில்லை. ஆனால் 'இசக்கியம்மாள், ப. 112' என்பதை முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வேடுகள் மேற்கோள் காட்டின. தனுஷ்கோடி அவளுக்கு ஐந்து பொன்னாடைகள் போர்த்தினார். அவற்றுள் ஒன்றைச் சுடலைமுத்து குழாய் துடைக்க எடுத்துக்கொண்டார். இறுதியாக ஓர் அழைப்பிதழ் வந்தது: 'இசக்கியம்மாள் ஆய்வரங்கம்' எனும் கருங்கல் மாளிகைக்கும், பன்னிரண்டு டன் எடையுள்ள அவளுடைய வெண்கலச் சிலைக்கும் அடிக்கல் நாட்டு விழா. இடம், அவள் அளந்த அதே கிணற்றின் அருகு.

அவள் அழைப்பிதழை மேசைமேல் வைத்தாள்; உடனே போய்க் குழாயை இறக்கினாள். இருபத்திரண்டு மிஞ்சின.

"கூரை முப்பத்தெட்டுதான்!" என்று மதிப்பியின் அறைக்குள் நுழையும்போதே கத்தினாள். மணி அலறியது.

"தவறு," என்றது மதிப்பி. "நாற்பத்தொன்று. இசக்கியம்மாள், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு."

"நாந்தானே அந்த இசக்கியம்மா!"

"அவ்வாறாயின் உங்களுக்கே நன்கு தெரிந்திருக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வேடுகள் ஏற்ற அறிஞரை மறுப்பதற்கு உங்களிடம் என்ன சான்று உள்ளது?"

அவள் அந்தப் பொறியைப் பார்த்துச் சிரித்தாள். அது தோற்றவர் சிரிப்பன்று.

விழாவன்று ஊரே கூடியிருந்தது. அடிக்கல் வைக்கவேண்டிய சதுரத்தின் நடுவே இசக்கியம்மாள் நின்றாள். மிஞ்சிய குழாய்களை ஏற்றிய வண்டியைச் சுடலைமுத்து தள்ளிக்கொண்டு வந்தார். அவள் அதிலிருந்து ஒரு குழாயைத் தூக்கிப் பனியில் போட்டாள்.

"ஒண்ணு!" என்று கூவினாள். "எல்லாரும் எண்ணுங்க!"

எண்ணிக்கைக்கு மணி அடிக்காது. ஏவலுக்கும் அடிக்காது. "ரெண்டு!" என்றது கூட்டம், திருவிழாக் குதூகலத்துடன். "மூணு!" எண்ணாயிரம் குரல்கள். பத்தொன்பதில் அவள் சற்றே நிறுத்தினாள். "இதோட நிக்கணுமா வேண்டாமா? என் ஆய்வேட்டுல எத்தன மிஞ்சுச்சு? எண்ணுங்க!" இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அக்கணத்தில் தனுஷ்கோடி ஒலிவாங்கியைப் பற்றினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "எவ்வளவு பெரிய மனசு பாருங்க! தன் கையால தொட்ட குழாய்களையே அரங்கத்துக்குக் கொடையாக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? இந்த இருபத்திரண்டையும் நினைவுத் தூண்களா நடுவோம்!"

கைதட்டல் பனியை அதிரவைத்தது. ஆறாவது பொன்னாடை அவள் தோளில் விழுந்தது.

அவள் அதை உருவி அடிக்கல்லின்மேல் போட்டாள். "குழாயத் தூக்குங்க," என்றாள் கணவரிடம். "ஒண்ணும் இங்க விடாதீங்க."

வடக்கு மேட்டில் முதற்குடியேறிகள் விட்டுப்போன பழைய காற்றுக்கூடம் ஒன்று இருந்தது. பனிவண்டியில் இருபது நிமிடத் தொலைவு. அன்று மாலைக்குள், கிடங்கில் மிஞ்சியிருந்த குழாய்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு, சுடலைமுத்துவும், குடிநீர்ப் பணியாளர் குடும்பங்கள் ஒன்பதும், வாயைப் பொத்திக்கொண்ட அந்தப் பெண்ணும் இசக்கியம்மாளுடன் அங்குச் சேர்ந்தனர். குழாய் இறங்கிற்று. நாற்பது, ஐம்பது, அறுபது. அறுபதாவது குழாயும் முழுக்க மறைந்தது, நீர் வரவில்லை.

"இங்கன பனி கெட்டியா இருக்கு," என்றாள் அவள். மணி அடித்தது. அவள் அதை அடிக்கவிட்டு, அடுப்பை மூட்டச் சொன்னாள்.

அதே வாரத்தில் பனிப்பட்டணத்தில் மூன்று ஆய்வுகள் பதிவாயின. வரலாற்றுத் துறை: 'இசக்கியம்மாள் வடக்கே சென்றமை: ஒரு மீள்பார்வை.' கணிதத் துறை: 'இருபத்திரண்டு என்னும் எண்ணின் உட்பொருள்.' இயற்பியல் துறை: 'அறிஞர் இடப்பெயர்வும் பனியின் இயல்பும்.' மூன்றும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டின. மூன்றிலும் மதிப்பி குறை காணவில்லை.

இருபது நிமிடம் வண்டியில் போய், ஏன் வந்தாய் என்று அவளையே கேட்கலாம் என ஓர் ஆய்வாளரும் எண்ணவில்லை. ஊரின் கூரை இருபத்து மூன்றாவது குழாயும் மிஞ்சும் அளவுக்குக் கரைந்தபோது, குழாயை இறக்கி அதை எண்ணவும் அங்கு ஆளில்லை.