காரைக்காலுக்குக் கீழே ஏனாம்

வரைபடத்தில் தப்பு இருந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும். என்ன செய்ய, புவியியல்தான் என் பிழைப்பு. ஆனால் பதினொரு வயதில் ஒரு தப்பான வரைபடத்தை நம்பித்தான் என் தம்பியைக் கண்டுபிடித்தேன். அந்த வரைபடத்தைப் போட்டவர் என் அப்பா. அவரும் புவியியல் வாத்தியார்தான்! வெளியே சொன்னால் வெட்கம்.

அப்பா பெயர் அற்புதராஜ். "ஸ்கேல் இல்லாத மேப்பும் உப்பில்லாத கஞ்சியும் ஒண்ணு" என்று சொல்லி இரண்டு மார்க் குறைத்துவிடுவார். பெற்ற மகள் செல்வி என்று என்னையும் விட்டதில்லை.

1977 ஜூன் மாதம் அவரைக் காரைக்காலிலிருந்து ஏனாமுக்கு மாற்றினார்கள்.

எங்கள் புதுச்சேரிப் பிரதேசம் ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அங்கங்கே பிடித்து வைத்திருந்த நாலு ஊர்களைச் சேர்த்து ஒரே அரசாங்கம் ஆக்கியது அது. புதுச்சேரி ஓரிடம். காரைக்கால் ஓரிடம். மாஹே கேரளத்துக்குள்ளே, ஏனாம் ஆந்திராவுக்குள்ளே. அதனால் ஒரு வாத்தியாரை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிட்டு, "நம்ம பிரதேசத்துக்குள்ளதானே சார் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். கேட்டார்கள்.

கிளம்புகிற அன்று அப்பா எங்களுக்காகச் சுவரில் ஒட்ட ஒரு வரைபடம் போட்டார். ஒரே தாளில் நாலு ஊரையும் காட்ட வேண்டுமே? நாலு பெட்டி போட்டார். மேலே புதுச்சேரி, அதன் கீழே காரைக்கால், காரைக்காலுக்குக் கீழே ஏனாம், ஓரமாக மாஹே. பாடப் புத்தகத்திலும் இப்படித்தான் பெட்டி பெட்டியாகப் போடுவார்கள். திருநள்ளாறு, நெடுங்காடு என்று கொம்யூன் கொம்யூனாக, அதாவது பிரெஞ்சுக்காரர்கள் பிரித்த வட்டாரம் வட்டாரமாக, வண்ணம் அடித்தார். தூரத்தைக் காட்டும் ஸ்கேல் போடுவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"கிறிஸ்துமஸுக்கு வந்து போடுறேன்" என்றார்.

பிறகு தம்பி லூர்துநாதனைத் தூக்கி வைத்துக்கொண்டார். லூர்துவுக்கு அப்போது ஏழு வயது.

"இங்க பாருடா. இதுதான் நம்ம வீடு. அப்பா இங்க இருப்பேன்."

அவர் விரல் காரைக்காலிலிருந்து ஏனாமுக்கு இறங்கியது. ஒரு சாண்கூட இல்லை.

நவம்பரில் எங்கள் ஊரைப் புயல் அடித்தது. எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் வீடு இழந்தவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். நாங்கள் ஓடுகளைப் பொறுக்கி முடிப்பதற்குள், அடுத்த வாரமே ஆந்திராவில் இன்னொரு புயல். ஆயிரக்கணக்கில் சாவு என்று ரேடியோவில் சொன்னார்கள்.

வாரம் தவறாமல் வந்த அப்பாவின் தபால் கார்டு நின்றுபோனது.

அம்மா தினமும் காலையில் தந்தி ஆபீசுக்குப் போய் நின்றாள். "லைன் இன்னும் சரியாகலம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து அரிசி களைவாள். களைந்த அரிசியையே மறுபடி களைவாள். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

"அக்கா, அப்பா ஏன் கார்டு போடல?" என்று லூர்து பத்தாவது தடவையாகக் கேட்டான்.

"என்னைக் கேட்டா? நீயே போய்க் கூட்டிட்டு வா, போ!" என்று கத்திவிட்டேன்.

அவன் அழவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை அம்மா தந்தி ஆபீசுக்குப் போனாள். நான் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கப் போனேன். அப்போது மணி எட்டு. பத்து மணிக்கு நான் திரும்பியபோது வீடு திறந்து கிடந்தது. லூர்துவைக் காணோம்.

பக்கத்து வீட்டு பங்கஜவல்லி அத்தை தெருவையே கூட்டிவிட்டார். "குளத்துல பாருங்க!" என்றார் ஒருவர். "ஆத்துல தண்ணி தலைக்கு மேல போகுதே" என்றார் இன்னொருவர். அம்மா வந்தாள். விஷயம் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவரும் இல்ல. இவனும் இல்லியா? மாதாவே, நான் என்ன பாவம் செஞ்சேன்?"

எல்லாரும் குளத்துக்கு ஓடினார்கள். நேற்று நான் கத்தியதுதான் காதிலேயே கேட்டது. உள்ளே ஓடினேன்.

வரைபடத்தின் கீழே முக்காலி போட்டிருந்தது. ஆணியில் தொங்கிய அப்பாவின் குடை இல்லை. மேசை மேல் இருந்த அவருடைய திசைகாட்டி இல்லை. காரைக்கால் பெட்டியிலிருந்து ஏனாம் பெட்டி வரைக்கும் ஈரவிரல் இழுத்த தடம் இருந்தது. அடப்பாவி! காரைக்காலுக்குக் கீழே ஏனாம். கீழே என்றால் தெற்கு. அப்பாவே சொல்லிக் கொடுத்ததுதான். தெற்கே போனால் அரசலாற்றுப் பாலம், திருமலைராயன்பட்டினம், நாகூர் சாலை.

உண்மையான ஏனாம் வடக்கே இருக்கிறது. அதனால் என்ன? நான் தேட வேண்டியது ஏனாமை இல்லையே!

"அம்மா, அவன் குளத்துக்குப் போகல. பட்டினம் ரோட்டுல போறான். நான் கூட்டிட்டு வர்றேன்."

அம்மா பதில் சொல்வதற்குள் அப்பாவின் சைக்கிளை எடுத்துவிட்டேன். அது எனக்கு எட்டாத சைக்கிள். பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல்தான். "பொட்டப்புள்ள ஓட்டுற வண்டியாடி அது?" என்று பங்கஜவல்லி அத்தை கத்துவது பின்னால் கேட்டது.

அந்தச் சைக்கிளில் ஒரு விசேஷம் உண்டு. பிரான்சிலிருந்து வந்த பெரியப்பா கொடுத்த தூர மீட்டர், முன் சக்கரத்தில் மாட்டியிருந்தது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 'டிக்' என்று ஒரு சத்தம். குட்டிக் கண்ணாடிக்குள் எண்கள் நகரும்; ஏறும்போதே பூஜ்யத்துக்குத் திருப்பியிருந்தேன்.

ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். ஏழு வயதுக் கால் ஒரு மணி நேரத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்காது. எட்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் ஏழெட்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும்.

டிக், டிக், டிக். சாலையில் கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போனேன். இரண்டு பக்கமும் நெற்பயிர் தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தது. ஆறு கிலோமீட்டரில் பட்டினம் வந்தது. லூர்து இல்லை. எட்டு ஆனது. இல்லை. என் கணக்கு தப்பா? குளத்துக்குப் போனவர்கள் சொன்னதுதான் சரியா? கண்ணைத் துடைத்துக்கொண்டே மிதித்தேன்.

ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா நனைந்த மெத்தைகளைக் காய வைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து யாரோ "அஜீசுன்னிசா!" என்று கூப்பிட்டார்கள். "இருங்க, வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா புள்ள, ஏன் அழுவுற?"

"என் தம்பிங்க. பெரிய குடை வச்சிருப்பான்."

"யா அல்லா, உன் தம்பியா அது? ஏனாமுக்குப் போறேன்னுச்சு. அது எந்தத் தெருன்னு எனக்குத் தெரியல. யாரோ சொந்தக்காரங்க வீடுன்னு நினைச்சேன். தேத்தண்ணி குடுத்தேன். அப்புறம் பனைமரம் ஏத்திக்கிட்டுப் போன மாட்டுவண்டியில ஏறிக்கிச்சு. வாஞ்சூர் பக்கம் போயிருக்கும், சீக்கிரம் போ!"

மாட்டுவண்டி! அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மீட்டர் பத்தரை காட்டியபோது வாஞ்சூர் சோதனைச்சாவடி வந்தது. அதோடு காரைக்கால் முடிகிறது. மூங்கில் தடுப்புக்குப் பக்கத்தில், மைல்கல் மேல், விரித்த குடைக்குள் லூர்து உட்கார்ந்திருந்தான். மழையே இல்லை.

"உன் தம்பியா பாப்பா?" என்றார் காவலர் சுப்பையன். "அரை மணி நேரமா எங்கிட்ட சண்டை. தடுப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடுன்னு சொல்றேன். இல்லவே இல்ல, ஏனாம்தான், கதவைத் திறங்கன்னு நிக்கிறான். வீட்டு விலாசமும் சொல்ல மாட்டேங்குறான்."

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டேன். ஓர் அடி வைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கை வரவில்லை. அவன் முகம் அழுது அழுது வீங்கியிருந்தது.

"அக்கா, அப்பா பொய் சொல்லிட்டாங்க. கோடு தாண்டினா ஏனாம்னு போட்டாங்க. இங்க ஏனாம் இல்ல. மேப்பு தப்பு."

"தப்பு இல்லடா. அப்பா மேப்பை முடிக்கல. ஸ்கேல் போடாமலே பஸ் ஏறிட்டாங்க. அதான் தூரம் தெரியாமப் போச்சு."

"அப்ப ஏனாம் எவ்வளவு தூரம்?"

பொய் சொல்லத் தோன்றியது. ஆனால் ஒரே நாளில் அவனுக்கு எத்தனை பொய்?

"ரொம்பத் தூரம். ஆயிரம் கிலோமீட்டர்."

அவன் மைல்கல்லை இறுகப் பிடித்துக்கொண்டான். "அப்பா வராம நான் வீட்டுக்கு வர மாட்டேன். திசைகாட்டியும் சரியில்ல. எப்படித் திருப்பினாலும் வீட்டையே காட்டுது."

கையை விரித்துக் காட்டினான். முள் நடுங்கி நின்றது. நாங்கள் வந்த வழியைத்தான் காட்டியது, வடக்கை.

அப்போதுதான் எனக்கு அது பிடிபட்டது.

"டேய், அது வீட்டை மட்டும் காட்டல. அப்பாவையும் காட்டுது. ஏனாம் அந்தப் பக்கம்தான். வீட்டுக்கு நேரா இன்னும் மேல, மேல போகணும்."

"நெசமா?"

"மாதா சத்தியமா. நீ இவ்வளவு தூரம் அப்பாவை விட்டுத் தள்ளிதான் வந்திருக்க. வீட்டுக்குத் திரும்பினா பத்து கிலோமீட்டர் அப்பாகிட்ட போவோம். நம்பலைன்னா மீட்டரைப் பாத்துக்கிட்டே வா."

லூர்து முள்ளை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தான். பிறகு குடையை மடக்கினான்.

சுப்பையன் எங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்தார். பஸ்ஸில் மீட்டர் இல்லை என்று லூர்து ஏற மறுத்துவிட்டான். "சரியான ஆளுடா நீ!" என்று தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் வீட்டில் தகவல் சொல்லும்படி கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்.

பின்னால் கேரியரில் அவனை உட்கார வைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இறங்கி வந்து மீட்டரைப் பார்ப்பான்.

"ஒண்ணு கிட்ட வந்துட்டோம்."

"ஆமா."

"அப்பா உயிரோட இருக்காங்களாக்கா?"

"தெரியலடா" என்றேன். நடந்துகொண்டே இருவரும் அழுதோம்.

அரசலாற்றுப் பாலத்தில் அம்மா செருப்பில்லாமல் எதிரே ஓடி வந்தாள். எனக்கு முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். லூர்து அவள் கையை விலக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தான்.

"ஒன்பது கிட்ட வந்துட்டோம்மா" என்றான்.

அன்று பாய் விரித்ததும் லூர்து தலையணையை எடுத்து வடக்குச் சுவரோரம் போட்டான். அங்கேதான் ஓடு இல்லாமல் ஒழுகும். அது மட்டுமில்லை, வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் சரி, பங்கஜவல்லி அத்தை வீட்டிலும் சரி, ஒரே சட்டம்.

"எந்திரிடா! வடக்கே தலை வைக்காத, ஆகாது. அதுவும் இந்த நேரத்துல" என்று அம்மா பதறினாள்.

"இப்படிப் படுத்தா என் தலை அப்பாவுக்கு ஒரு முழம் கிட்ட இருக்கும்மா."

அம்மா ஒழுகுகிற இடத்தில் ஒரு குண்டானை வைத்துவிட்டு விளக்கைத் தணித்தாள்.

காலையில் எழுந்து பார்த்தேன். அம்மாவின் தலையணையும் வடக்கே இருந்தது. என்னுடையதையும் எடுத்து நடுவில் போட்டேன்.

ஒன்பது நாள் கழித்துக் கார்டு வந்தது. மை கலைந்து பாதிதான் படிக்க முடிந்தது. 'நான் நலம். இங்கே பள்ளிக்கூடத்துக் கூரை போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு வர இயலாது. செல்வி, மேப்பில் ஸ்கேல் போட மறந்துவிட்டேன். நீ போடு.'

அம்மா கார்டை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அத்தனை நாளும் அவள் அப்படி அழவே இல்லை.

"உயிரோட இருக்காங்கல்ல? அப்ப ஏன் வரல?" என்றான் லூர்து. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஸ்டார் கட்டவில்லை.

பள்ளி ஆண்டு முடிந்து, மே மாதம் ஒரு மத்தியானம் அப்பா வந்தார். பாதியாக இளைத்திருந்தார். பெட்டியை வைத்துவிட்டு அறையை எட்டிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இது, மூணு தலையணையும் வடக்கே கிடக்கு? யார் போட்டது?"

அம்மா குனிந்து மூன்றையும் எடுத்துக் கிழக்கே போட்டாள். பிறகு பரணிலிருந்து நான்காவது தலையணையை இறக்கி, தூசி தட்டி, அவற்றின் பக்கத்தில் வைத்தாள்.