பாதி வேகம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகை நகர்ந்த விதம் லைட்மேனுக்குப் பிடிக்கவில்லை. புகை மெஷினோடு பல வருஷம் குப்பை கொட்டியவர் அவர். கதவைச் சாத்தினால் புகை எங்கே சுருளும், எங்கே தேங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. வெளியே விட்ட புகை மளமளவென்று கலைந்துகொண்டிருக்க, உள்ளே விட்டது மட்டும் ஆறிப்போன எண்ணெய் மாதிரி இழுத்து இழுத்து ஊர்ந்தது.

மூடிக் கிடந்த தொழிற்சாலை அது. வெளியே மொட்டை வெயில். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து உள்ளே இருட்டைத் தயார் செய்திருந்தார்கள். மெட்டல் என்கிற காட்டுக்கத்தல் பாட்டுக்கு வீடியோ என்றால் துருப்பிடித்த இரும்பும், புகையும், வெட்டி வெட்டி அடிக்கும் வெளிச்சமும், அடைபட்டுக் கதறுகிற ஒருவனும் இருந்தே தீரவேண்டும் என்பது இயக்குநரின் கட்சி. கதற வேண்டியவன் பாடகன். லைட்மேனின் கூடப்பிறந்த தம்பி. முகமெல்லாம் வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்பாகக் குழி வரைந்து, ஈரச் சரக்கைக் காயவைத்த, முன்சுவரில் தடித்த கண்ணாடி பதித்த பழைய அறைக்குள் அவனை நிறுத்தி, இரும்புக் கதவை வெளியே தாழ் போட்டிருந்தார்கள்.

“சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்கேடா. அம்மா பாத்தா வீட்டுக்குள்ள விடமாட்டா” என்று லைட்மேன் கேலி செய்துதான் உள்ளே அனுப்பினார்.

“உன் மூஞ்சிக்கு ரெண்டு டப்பா வேணும்ணே. பேசாம லைட்டப் போடு.”

“மூச்சு முட்டினா கண்ணாடியத் தட்டு. எவன் என்ன சொன்னாலும் வந்து தொறப்பேன்.”

முதல் டேக் முடிந்ததும் இயக்குநர், “பாடும்போதே கண்ணாடியத் தட்டுப்பா, வெறியோட தட்டு” என்று சொன்னபோது லைட்மேன் பக்கத்தில்தான் நின்றார். அது எங்கள் அடையாளம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூலிக்கு வந்த இடத்தில் எதிர்த்துப் பேசிப் பழகாத வாய்.

அடுத்த டேக்குக்குப் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்கள். பாடுகிறவன் அந்த வேகத்துக்கே வாயசைத்து ஆடவேண்டும். படத்தைப் பிறகு பாதி வேகத்துக்குக் குறைத்தால் உதடு பாட்டோடு ஒட்டி நிற்கும், உடம்பு மட்டும் தண்ணீருக்குள் அசைவதுபோல் மிதக்கும். பழைய வித்தைதான்.

ஸ்பீக்கர் எலிபோல் கீச்சிட்டது. சூடேறிய விளக்குகளில் தூசி கருகும் வாடை மூக்கில் ஏறியது. லைட்மேன் பட்டனை அழுத்த, விட்டு விட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு வெட்டத் தொடங்கியது. ஒவ்வொரு வெட்டுக்கும் தம்பியின் வெள்ளை முகம் இருட்டிலிருந்து பிய்ந்து வந்து மறைந்தது. தட்டக் கையைத் தூக்கினான்.

வெளிச்சம். கை கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி.

இருட்டு.

வெளிச்சம். இன்னும் கொஞ்சம் கிட்டே. கொஞ்சம்தான்.

இன்னும் யாரும் படத்தின் வேகத்தைக் குறைக்கவில்லை. அதற்குள் மெதுவாகிவிட்டான்.

“கட் சொல்லுங்க சார்! அவனுக்கு என்னமோ ஆகுது!”

“பிரமாதமா பண்றான்யா! பட்டன்லேருந்து கைய எடுக்காத!”

எடுத்தார். பெரிய விளக்கை முழுசாகப் போட்டார். பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

தம்பி நிற்கவில்லை. அவன் வாய் இன்னும் திறந்துகொண்டே இருந்தது.

ஓடினார். தாழ் விலகியது, கதவு அசையவில்லை. தோளால் மோதினார். மூட்டை தூக்கி உரமேறிய தோள். அசையவில்லை. குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லி டிரம்மர் வந்து சேர்ந்து மோதினான். கேமராக்காரர் இரும்புக் கம்பியால் கண்ணாடியை அடித்தார். கீறல்கூட விழவில்லை.

“டேய்! என்னைப் பாருடா! அண்ணன் வந்துட்டேன்டா!”

தம்பியின் இமை மூட ஆரம்பித்தது. மூடி முடிக்கவில்லை. உள்ளங்கை மெல்ல வந்து கண்ணாடியில் ஒட்டியது. சத்தமே இல்லை. லைட்மேன் தன் கையை இந்தப் பக்கம் வைத்தார். சில்லிட்டது. அதற்கும் எவ்வளவோ பிறகு, எங்கோ ஆழத்தில், அந்தத் தட்டல் கேட்டது.

அவனுக்குப் பின்னால் புகைக்குள் இன்னொரு வெள்ளை முகம் இருந்தது. பூசிய வெள்ளை இல்லை.

அது நடந்து வந்தது. கடைக்குப் போய்த் திரும்பும் ஆள் மாதிரி, சாதாரணமாக. உள்ளே அது மட்டும் மெதுவாக இல்லை. தம்பியின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு லைட்மேனைப் பார்த்தது.

தம்பியின் கண்கள் அப்போதுதான் பின்பக்கம் திரும்பத் தொடங்கின.