இரண்டே இரண்டு டக்!

"கொலைகாரி!"

திமியோஸ் போட்ட சத்தத்தில் தேவாலயத்து மணிக்கூண்டுப் புறாக்கள் மொத்தமும் கிளம்பிப் பறந்தன.

அர்கிரோ படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். கறுப்பு உடை... கையில் வெள்ளைப் பூங்கொத்து.

"என் பிள்ளையை முழுங்கிட்டு, அவன் ஒன்பதாம் நாளுக்குப் பூ வேற எடுத்துட்டு வர்றியா? என்ன நெஞ்சழுத்தம்டி உனக்கு! போ! ஜெயிலுக்குப் போ!"

கிழவர் கையிலிருந்த தட்டு பறந்தது. செத்தவனுக்காகப் படைத்த, சர்க்கரை தூவிய அவித்த கோதுமை அவள் காலடியில் சிதறியது.

அர்கிரோ குனிந்தாள். கோதுமையைப் பொறுக்கிக் கைக்குட்டையில் சேர்க்க ஆரம்பித்தாள்.

ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் லம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றினார்.

ரேடியோ கரகரத்தது. "லம்ப்ரோஸ்! பன்னெண்டு மணிக்குள்ள அந்தப் பொம்பளையை அரெஸ்ட் பண்ணணும். திமியோஸ் புகார் குடுத்து, அரசு வக்கீல் உத்தரவு போட்டுட்டார். புரிஞ்சுதா?"

லம்ப்ரோஸ் மைக்கை எடுத்தார். வாயைத் திறக்கவில்லை. பட்டனை மட்டும் இரண்டு தடவை அழுத்தினார்.

டக்... டக்.

'சரி' என்று அர்த்தம்.

"ஏன் சார், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் பக்கத்தில் இருந்த சார்ஜென்ட் ஸோயி.

"முப்பது வருஷப் பழக்கம். விடு. போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வா."

அர்கிரோ பின் ஸீட்டில் வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயது. லித்தாரி விமான தளத்தின் டவரில் இருபது வருடமாகக் கன்ட்ரோலர். ஒன்பது நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"சொல்லுங்கம்மா. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"காடு எரிஞ்சுது. திமியோஸ் அய்யா பிள்ளை ஆரிஸ், விமானத்துல தண்ணி கொட்டப் போனான். திடீர்னு காத்து திரும்பி, புகை பள்ளத்தாக்கை மூடிடுச்சு. குறுக்க கரண்ட் கம்பி போகுது சார்... அவன் கண்ணுக்குத் தெரியாது. 'பள்ளத்தாக்குல இறங்காதே ஆரிஸ், வலது பக்கம் மேல ஏறு'ன்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"டக் டக்."

லம்ப்ரோஸ் தன் கையிலிருந்த மைக்கை மெல்ல மாட்டி வைத்தார்.

"சட்டப்படி, நான் சொன்னதை அவன் வாயால திருப்பிச் சொல்லணும். புகைக்குள்ள ரெண்டு கையும் வேலையா இருக்கிறப்ப இங்க எவனும் சொல்றதில்ல. நாங்களும் கேக்கறதில்ல. பட்டனைத் தட்டினான், சரின்னு விட்டுட்டேன். பதினாலே செகண்ட்... கம்பியில மோதிட்டான். இருபத்தொன்பது வயசு சார் அவனுக்கு!" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு என்னுதுதான். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

ஸோயியின் செல்போன் அடித்தது. ஏதென்ஸ் பரிசோதனைக் கூடம்!

கேட்கக் கேட்க ஸோயியின் முகம் மாறியது.

"சார்! ஆரிஸோட கருகின ரேடியோவைப் பிரிச்சுப் பாத்துட்டாங்க. அது டவர் அலைவரிசையிலயே இல்ல! மலை மேல இருந்த தீயணைப்பு ஆட்களோட அலைவரிசைக்குத் திருப்பி வெச்சிருக்கான். கடைசி ஒரு நிமிஷம் அவங்களோடதான் பேசிட்டிருந்தானாம்."

"அப்படின்னா... இவங்க சொன்னது ஆரிஸ் காதுல விழவே இல்ல!"

"விழாதவன் எப்படி சார் பதில் தட்டுவான்?"

லம்ப்ரோஸ் பின் ஸீட்டுப் பக்கம் திரும்பினார்.

"டக் டக் வரலேன்னா என்ன பண்ணியிருப்பீங்கம்மா?"

"திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருப்பேன். அவன் எந்த அலைவரிசையில இருந்தாலும் தேடிப் பிடிச்சிருப்பேன்..." அர்கிரோ சட்டென்று நிறுத்தினாள். "வேண்டாம் சார். இதைத் தோண்டாதீங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"அரெஸ்ட் பண்ணச் சொல்லி அடம் பிடிக்கிற முதல் ஆளு நீங்கதான்!" என்றாள் ஸோயி. "சார், எவனோ ஒரு விஷமி வாக்கி டாக்கியை வெச்சு விளையாடியிருக்கான். இது பச்சைக் கொலை!"

"இந்த ஊர்ல யார் யார்கிட்ட வாக்கி டாக்கி இருக்குன்னு திமியோஸுக்குத்தான் தெரியும். நாப்பது வருஷம் இதே புகைக்குள்ள பறந்தவர். வண்டியை எடு!"

அர்கிரோ பாய்ந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"அவர்கிட்ட டவர்ல பதிவான டேப்பை மட்டும் போட்டுக் காட்டாதீங்க சார்! கும்பிட்டுக் கேக்கறேன்!"

பெற்ற மனம் தாங்காது என்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் லம்ப்ரோஸ்.

திமியோஸின் வீட்டு மாடி பள்ளத்தாக்கைப் பார்த்து இருந்தது. எதிர்ச்சரிவு முழுக்கக் கரி. கிழவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கையில் பழைய வாக்கி டாக்கி. மகன் போன பிறகும் அது கையை விட்டு இறங்கவில்லை.

அர்கிரோ கீழேயே, ஜீப்பிலேயே இருந்துவிட்டாள்.

"அவளைப் புடிச்சாச்சா?"

"அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, அய்யா. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். என் பிள்ளை பறக்கிறப்ப நான் வேற எங்க இருப்பேன்? அவ சொன்னது எல்லாம் இதுல கேட்டுச்சு." வாக்கி டாக்கியை ஆட்டினார். "அவன் பதிலே சொல்லலை இன்ஸ்பெக்டர்! ஒரு சத்தம் வரலை! அவ மறுபடி கூப்பிடுவா, கூப்பிடுவான்னு பாத்தேன்... பாவி கூப்பிடலை! இப்ப என்னடான்னா டக் டக்னு கேட்டுச்சாம். கதை விடறா!"

லம்ப்ரோஸ் நெற்றியைச் சுருக்கினார்.

"டேப்ல அந்தச் சத்தம் இருக்கே, அய்யா."

"இருக்காது! போட்டுக் காட்டு. நான் அவனோட அப்பன், கேக்கறேன்."

லம்ப்ரோஸ் தயங்கினார். பிறகு செல்போனை மேஜை மேல் வைத்து, அதில் ஏற்றியிருந்த டேப் பதிவைத் தட்டினார்.

அர்கிரோவின் குரல் வந்தது. "...பள்ளத்தாக்குல இறங்காதே ஆரிஸ். வலது பக்கம் மேல ஏறு."

டக்... டக்.

ஸோயியின் பேனா கீழே விழுந்தது!

அவள் பார்த்தது கிழவரின் கையை. குரல் முடிந்த நொடியில், அவருடைய கட்டைவிரல் வாக்கி டாக்கியின் பட்டனை இரண்டு தடவை அழுத்தியது. சிவப்பு விளக்கு இரண்டு தடவை எரிந்து அணைந்தது. டேப்பின் சத்தமும் அந்த விளக்கும் ஒன்றாகவே வந்தன.

கிழவர் குனிந்து விளக்கைப் பார்த்தார்.

பிறகு விரலைப் பார்த்தார்.

"மறுபடி... போடு."

லம்ப்ரோஸ் போட்டார். இந்தத் தடவை கிழவர் தன் வலது கட்டைவிரலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"...வலது பக்கம் மேல ஏறு."

பிடிக்குள்ளேயே விரல் இரண்டு முறை துடித்தது.

"பட்டனை அழுத்தறப்ப இந்தப் பெட்டிக்குக் காது கேக்காது." அவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அதான் எனக்குக் கேக்கலை. நாப்பது வருஷம்... டவர் பேசினா இந்த விரல் தானா... ஐயோ! என் பிள்ளைக்குப் பதிலா நானா சரின்னு சொன்னேன்?"

வாசலில் நிழல் விழுந்தது. அர்கிரோ! டேப் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தாள்.

"தெரியுமா உனக்கு?" என்று கேட்டார் கிழவர்.

"ரெண்டாம் நாள் டேப்பைக் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு அய்யா. உங்க தட்டலை எத்தனை வருஷம் கேட்டிருக்கேன்! அன்னைக்கு அவன்னு நினைச்சுட்டேன். அவனுக்கும் அசப்புல உங்க கைவாகுதானே."

"ஜெயிலுக்கே போகத் துணிஞ்சிட்டீங்களேம்மா!" லம்ப்ரோஸால் தாங்க முடியவில்லை.

"ஜெயில்லேர்ந்து ஒருநாள் வெளிய வரலாம் சார். இதுலேர்ந்து அவர் எப்படி வருவார்? என்னைத் திட்டிக்கிட்டாவது உயிரோட இருக்கட்டும்னு நினைச்சேன்."

திமியோஸ் இரண்டு கைகளையும் லம்ப்ரோஸிடம் நீட்டினார். "மாட்டு."

"பழக்கத்துக்கு எந்தச் சட்டத்துலய்யா கேஸ் போடறது? எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு."

நீட்டிய கைகள் அந்தரத்திலேயே நின்றன. அர்கிரோ கைக்குட்டையை அவிழ்த்து, பொறுக்கி வந்த கோதுமையில் கொஞ்சம் அந்தக் கைகளில் வைத்தாள்.

"அவனுக்காக ஒரு வாய் சாப்பிடுங்க. பாத்து... மண் இருக்கும்."

கிழவர் வாயில் போட்டுக்கொண்டார். மென்றபடியே, குழந்தை மாதிரி அழுதார். அவள் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

லம்ப்ரோஸும் ஸோயியும் சத்தமில்லாமல் கீழே இறங்கினார்கள்.

ஜீப்பில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. "லம்ப்ரோஸ்! மணி பன்னெண்டு! அரெஸ்ட் பண்ணிட்டீங்களா? ஓவர்!"

அவர் மைக்கை எடுத்தார். கட்டைவிரல் பட்டனை நோக்கிப் போனது... வழியில் நின்றது.

பட்டனை அழுத்திப் பிடித்தார். வாயைத் திறந்தார்.

"லம்ப்ரோஸ் பேசறேன். அரெஸ்ட் இல்ல. புகார் குடுத்தவரே வாபஸ் வாங்கறார். அந்தம்மா கொலைகாரி இல்ல. நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க!"

எதிர்முனை ஆடிப்போய்விட்டது போல. ஆனாலும் வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னது.

ஸோயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"ஒரு வழியா கொழுக்கட்டையை முழுங்கிட்டீங்க, சார்!"