உடையெண் 4471

சித்திரை முதல் நாள் வேலூரில் எல்லோரும் மழையுடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெயிலுடையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பத்தாறு டிகிரி வெயிலில் அது இல்லாமல் தெருவில் கால் வைக்க முடியாது. அவரவர் உடைதான் வருடாவருடம் திரும்பி வரும். என்னுடையதை மாட்டிப் பார்த்தேன். கணுக்கால் வெளியே நின்றது.

கிடங்கில் வேலை செய்யும் அம்சவேணி அக்கா, ஆறு மாதத்தில் இப்படி வளர்ந்தால் கூரையைத்தான் உயர்த்த வேண்டும் என்று சிரித்தபடி வேறொன்றை எடுத்து வந்தார். யாருடையது என்று கேட்டேன். உடம்பு இளைத்துப்போய் சின்ன அளவு வாங்கிக்கொண்ட ஒருவருடையது, பெயர் சொல்லக் கூடாது என்றார். மார்பில் 4471 என்று எழுதியிருந்தது.

வெயில் மாதங்களில் எங்களுக்கு எண்கள்தான் முகம். தலைக்கவசத்தின் கண்ணாடி கறுப்பு. தாடையால் அழுத்தினால் மைக் திறக்கும். எல்லோருடைய பேச்சும் அதில் ஒரே குரலாக வரும்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். 2093 என்ற உடை என் எதிரே வந்து நின்றது.

"அக்கா, உன் நம்பரப் பார்த்துட்டுதான் ஓடி வந்தேன். போன வெயில்லயும் இதே எடத்துல கேட்டேன், நீ பேசாமப் போயிட்ட. அம்மாவ எடுக்கும்போது நான் வரல. தப்புதான். கூடப் பொறந்தவ உனக்கு நான் ஒருத்திதானே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆள் மாறிவிட்டது என்று சொல்லத் தாடையை அழுத்தினேன். பழகாத உடை, மைக் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன், தலைக்கவசம் மேலும் கீழும் ஆடியது.

"தலையாட்டுறியா?" அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அப்ப சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமாக்கா?"

மைக் திறந்துகொண்டது. நான் உங்கள் அக்கா இல்லை என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. இல்லை என்று எப்படிச் சொல்வது, யாருக்காகச் சொல்வது என்று தெரியாமல் குழம்பினேன்.

"வா," என்றேன்.

என் குரல் இல்லை அது. யாருடைய குரலும் இல்லை.

அப்போது வந்த பேருந்தில் அவள் ஏறிவிட்டாள். சன்னல் வழியாகக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். சாயங்காலம் அவள் எந்தத் தெருவுக்குப் போவாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே வெயிலுடை இல்லாமல், சொந்த முகத்தோடு, சொந்தக் குரலோடு, அவளை இன்னும் மன்னிக்காத ஒருத்தி கதவைத் திறப்பாள்.