சூடு ஆறாத கல்

என் கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சுந்தரபாண்டியம் ஊரிலுள்ள எங்கள் வீட்டை நானும் என் தம்பி சிவபாண்டியும் திறந்தோம். வெளியே உச்சி வெயில். உள்ளே இருட்டு. ஈரமான நாய்மயிரின் வாடை அடித்தது. நாய்க்கூண்டு காலியாகி நாளாகியிருந்தது.

என் கணவர் விமல் வளர்த்த வெள்ளை ராஜபாளையம் நாய்க்கு வெறி பிடித்து, தெருப்பிள்ளை ஒன்றின் காலைக் கவ்வியது. மண்வெட்டிக் காம்பால் நாயை அடித்துக் கொன்றுதான் பிள்ளையை மீட்டார். அடித்ததை மட்டும் யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். அவரைக் கொல்ல வேண்டும் என்றது ஒரு கூட்டம். நாய்களையெல்லாம் கொல்ல வேண்டும் என்று அவர் பெயரைச் சொல்லிக் கிளம்பியது இன்னொரு கூட்டம். இரண்டும் ஒரே சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்தன. நடுவில் கைகூப்பி நின்றவரின் நெற்றியில் ஒரு கல் விழுந்து, அதிலேயே உயிர் போனது. யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. எதிர்த்தரப்புதான் என்று இரு தரப்பும் எழுதின.

தம்பி கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்தான்.

"செத்த பொறவும் திட்டுதானுவக்கா. இந்தா, இப்பத்தான் ஒருத்தன்..."

டொக்.

கூரை ஓட்டின் மேல் ஏதோ விழுந்து உருண்டது.

"குரங்கா இருக்கும். இங்க பாரு, இன்னொருத்தன் மச்சானத் தெய்வம்ங்கான்."

டொக்.

வெளியே ஓடிப் பார்த்தேன். தெருவில் ஆளில்லை. முற்றத்து நிழலில் இரண்டு கற்கள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். வெயிலின் சூடு அல்ல அது. இப்போதுதான் ஒரு உள்ளங்கை விட்டுச்சென்ற கதகதப்பு. வியர்வை ஈரம்கூடக் காயவில்லை.

"ஏலே, அதை அணைச்சு வையி."

"கொஞ்சம் பொறுக்கா. என்ன நடந்துச்சுன்னு முழுசாப் போட்டுருதேன். மச்சான் பேரு இப்படியே நாறிக் கெடக்கவா?"

எனக்கும் அந்த ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. போடு என்றேன்.

போட்டான்.

டொக். டொக். டொக்.

பதில்கள் குவியக் குவிய ஓடுகள் நொறுங்கின. திட்டியதற்கும் புகழ்ந்ததற்கும் ஒரே சத்தம். கூண்டிலிருந்து நாய் முனகியது.

காலிக் கூண்டிலிருந்து.

பிறகு, என் காதோரம், மூச்சுப் படும் தூரத்தில்:

"மாரி... வலிக்குது. நிப்பாட்டச் சொல்லு."

அவர் குரல்.

தம்பிக்கும் கேட்டது. எழுதியதை அழித்தான். கற்கள் நின்றன. கதவைப் பூட்டாமலே ஓடிவந்தோம்.

இப்போது ராஜபாளையத்தில் குடியிருக்கிறேன். கான்கிரீட் தளம். மேலே இன்னொரு குடித்தனம். நான் போன் வைத்துக்கொள்வதில்லை. அவர் நல்லவர் என்று ஒருவரிடமும் சொல்வதில்லை. அவருடைய தலையணையை மட்டும் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று தம்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அந்த வீடியோவ மறுபடி எவனோ..."

"சொல்லாதலே."

காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கண்விழித்தபோது அவர் தலையணையின் நடுவில், தலை வைத்ததுபோல் ஒரு குழி. குழிக்குள் ஒரு கல்.

இன்னும் சூடு ஆறவில்லை.